மொட்டைப் பெட்டிசமும் ஆறு புள்ளிகளும்

எங்கள் பெற்றோர் ஒன்றியத்தின் ஆண்டு மலரில் நீ இதை வாசிக்கும்போது உன்னைத் தெரிந்த பலரும் இதை வாசித்துக்கொண்டிருப்பார்கள். உனக்கு அது பிடிக்காது. வீட்டு விஷயத்தை வீட்டுக்குள் பேசி முடித்திருக்கலாமே என்பாய். உன் அம்மாவும் முதலில் அதைத்தான் சொன்னாள். ஊரறிய ஏன் எழுதுகிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அது நல்ல காரியமா கெட்ட காரியமா என்று இரண்டு வருடமாக யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. கணக்கியல் படித்தவன் நான். ஒரு தாளின் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் எனக்கு நித்திரை வராது. இந்தத் தாள் இன்னும் ஒத்துவரவில்லை. அப்படியே உன்னிடம் தருகிறேன்.

போன மாதம் லோறென்ஸ்கூக்கில் இருக்கிற எங்கள் வீட்டில், சாப்பாட்டு மேசையில் உன் கலியாணத்துக்கு அழைக்கிறவர்களின் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். அம்மா ஒவ்வொரு குடும்பமாகச் சொல்ல நீ மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாய். ஹவுகெட்டோவில் இருக்கிறவர்களின் முறை வந்தபோது அம்மா பவன் மாமாவின் பெயரைச் சொன்னாள். உன் விரல்கள் நின்றன.

"பவன் மாமாக்கு கலியாணக் காட் குடுக்கிறேல்லை" என்றாய்.

"என்னடா கதைக்கிறாய்? உன்னைத் தோளிலை வைச்சுக்கொண்டு திரிஞ்ச மனிசன்."

"அம்மா, எங்களைக் காட்டிக் குடுத்த மனிசன். அந்தாள் வந்தால் என்ரை டீம் பொடியள் ஒருத்தரும் வரமாட்டாங்கள்."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?" என்றாள். "அவன்ரை கலியாணம், அவன் முடிவெடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்க் கேத்திலில் தண்ணீர் வைத்தேன். பெருந்தன்மையான தகப்பனைப் போல. அந்தத் தண்ணீர் கொதிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காட்டிக் கொடுத்தது நான்.

வேறு ஆட்கள் வாசிக்கிறார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன உதைபந்தாட்டக் கழகத்தில் நீ ஏழு வயதில் சேர்ந்தாய். நோர்வேயில் கழகங்கள் டுக்னாட்டில்தான் ஓடுகின்றன. சம்பளம் இல்லாமல் எல்லாப் பெற்றோரும் கூடிச் செய்கிற வேலைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. மைதானத்துச் சிறுகடையான கியோஸ்கில் வாஃபல் சுடுவது, வலை கட்டுவது, மைதானத்துப் பனியை ஒதுக்குவது, வீடு வீடாகக் கழிவறைத் தாள் பொதிகளை விற்பது, எல்லாம் அதற்குள் அடங்கும். நான் படித்த படிப்புக்குக் கழிவறைத் தாள் விற்க வேண்டி வந்தது பற்றி எனக்கு நிறைய மனக்குறை இருந்தது; நீயே அதைப் பல தடவை கேட்டிருக்கிறாய். பவன் அப்படியில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்து பஸ் ஓட்டுகிற மனிதர், ஓய்வு நாளில் உங்கள் அணியையும் ஏற்றிக்கொண்டு வெளியூர் ஆட்டங்களுக்குப் போவார். கழக வீட்டின் சாவியில் ஒன்று அவரிடம்தான் இருந்தது. உனக்குப் பதினொரு வயதில் கை முறிந்தபோது எனக்குத் தொலைபேசி வந்தது. முக்கியமான கூட்டத்தில் இருக்கிறேன், ஒரு மணித்தியாலத்தில் வருகிறேன் என்றேன். அந்தக் கூட்டத்தில் என்ன பேசினோம் என்று இன்று எனக்கு ஞாபகமில்லை. நான் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது உன் கைக்குக் கட்டுப் போட்டாயிற்று. பவனின் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். நன்றி சொல்லாமல், ஏன் இந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தீர்கள், மற்றது கிட்டவல்லவா என்று அவரிடம் கேட்டேன். "பொடியன் அழுதான் அண்ணன், எனக்குத் தெரிஞ்ச பாதையில வந்தன்" என்றார். அவ்வளவுதான்.

பிறகு நான் கழகத்தின் பொருளாளரானேன். இரண்டு வருடம். கழகத்தில் என் படிப்புக்கு மரியாதை கிடைத்த ஒரே காலம் அது. தலைவர் ஸ்வைன், கார் விற்கிறவர், எல்லோரையும் தோளில் தட்டிப் பேசுகிறவர். மேல் பிரிவுக்குப் போக வேண்டும், அதற்குச் சம்பளத்துக்கு ஒரு பயிற்றுநரும் இரண்டு ஆட்டக்காரரும் வேண்டும் என்றார். அதற்குக் கையிருப்பு இல்லை, கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னதைச் சொல்லுக்குச் சொல் என்னால் சொல்ல முடியும்: "எங்கள் பொருளாளர் மிகவும் கவனமான மனிதர். ஆனால் கழகத்துக்கு இப்போது கொஞ்சம் துணிச்சல் தேவை." எல்லோரும் சிரித்தார்கள். அவர் கொண்டுவந்த புதிய பொருளாளருக்குக் கைகளை உயர்த்தச் சொன்னார்கள். எனக்கு ஒரு பூச்செண்டும் கழகச் சின்னம் போட்ட ஒரு கோப்பையும் தந்தார்கள். நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். உனக்குப் பதினெட்டு வயது, வாக்குரிமை இருந்தது. உயர்ந்த கைகளில் உன் கையும் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் நாம் பேசிக்கொள்ளவில்லை. அதைப் பற்றி நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. மறந்ததும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் கழகம் மேலே போனது. நீ அணித்தலைவன் ஆனாய். உள்ளூர்ப் பத்திரிகையில் உன் படம் வந்தது. என் பயம் பிழையாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் பாதி நம்பினேன். இரண்டு வருடத்துக்கு முன் வசந்தகால டுக்னாட்டில், கழக வீட்டின் பின்னறையைச் சுத்தம் செய்யத் தனக்கு ஒரு கை தேவை என்று பவன் என்னைக் கூப்பிட்டார். அவர் வாளியில் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மேசையை நகர்த்துவதற்காக இழுப்பறைகளைக் கழற்றினேன். இரண்டாவது இழுப்பறை நிறைய உறைகள். வரி அலுவலகத்திலிருந்து வந்தவை, கடன் வசூலிக்கிறவர்களிடமிருந்து வந்தவை. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. திறக்காவிட்டால் கடன் வராது என்று நினைக்கிற ஆட்களிடம் கழகம் இருந்தது. அந்த வருடமும் கழகத்தின் நிதிநிலை சரி என்று லீக் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, அதைக் காட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். தம்பி, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அந்த உறைகளைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது கவலையில்லை. சந்தோஷம்.

ஒரு நோர்வேஜியன் என்ன செய்திருப்பான்? பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டிருப்பான். அல்லது தன் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்டு லீக் அலுவலகத்துக்கு எழுதியிருப்பான். இங்கே அதற்கு ஒருவரும் அடிக்கமாட்டார்கள், வேலையும் போகாது. முப்பது வருடமாக இந்த நாட்டில் வரி கட்டுகிறேன், இவர்களின் சட்டத்தை இவர்களைவிட நன்றாக வாசித்திருக்கிறேன். ஆனால் கை தன் பழக்கத்துக்குப் போனது. எங்கள் பக்கத்தில் பெட்டிசம், அதாவது மேலிடத்துக்குப் புகார்க் கடிதம், எழுதுவது ஒரு கலை என்று பெரியவர்கள் பகிடியாகச் சொல்வார்கள். தபால்காரரின் மேல், தலைமையாசிரியரின் மேல், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரரின் மேல் எழுதுவார்கள். கீழே பெயர் இருக்காது, அதனால் அது மொட்டைப் பெட்டிசம். நானும் அப்படித்தான் எழுதினேன். நல்ல நோர்வேஜிய மொழியில், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல், இரண்டு பக்கம். என் கவனத்தை நானே மெச்சி, பின்னறை, மேசை, இரண்டாவது இழுப்பறை என்று விபரமாக எழுதினேன். கீழே கையெழுத்து இல்லை. வேலைக்குப் போகிற வழியில் ஒரு சிவப்புத் தபால்பெட்டியில் போட்டேன்.

இலையுதிர்காலத்தில் முடிவு வந்தது. நிதிநிலையை மறைத்ததற்காகக் கழகத்துக்கு ஆறு புள்ளிகள் குறைப்பு. கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் கோட்டுக்கு ஐந்து புள்ளி மேலே நின்றீர்கள். ஒரு காலையில் ஒரு புள்ளி கீழே போனீர்கள். மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். அந்த ஆட்டத்தில் நீங்கள் ஓடினதைப் போல நான் ஒரு அணியையும் பார்த்ததில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. உங்களுக்கு மேலே நின்ற அணியும் தன் ஆட்டத்தைச் சமநிலையில் முடித்ததால் அதே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இறங்கினீர்கள். நீ நடுமைதானத்தில் முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு இருந்தாய். செயற்கைப் புல்லின் கறுப்புத் துகள்கள் உன் முழங்காலெல்லாம் ஒட்டியிருந்தன. பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன் என்னிடம், "பொடியள் என்ன பிழை செய்தவங்கள்? அடிச்ச கோல் அடிச்ச கோல்தானே?" என்றார். ஓம், உண்மைதான் என்றேன். மனதார ஓம் என்றேன்.

அடுத்த கிழமையே வேறொன்று நடந்தது. உங்களால் அந்த வருடம் முழுக்கக் கீழே தள்ளப்பட்டிருந்து, இப்போது தப்பிய பச்சைச் சட்டைக் கழகத்தின் தலைவி, பாடசாலை ஆசிரியை, கடையில் என்னைக் கண்டாள். நான் உன் அப்பா என்று அவளுக்குத் தெரியும். அவள் கோபமாகப் பேசவில்லை. "வரி கட்டுவதற்காக நாங்கள் எங்கள் மிகச் சிறந்த ஆட்டக்காரனை விட்டோம். உங்கள் கழகம் வரியைக் கட்டாமல் இரண்டு பேரை வாங்கியது. அந்த இரண்டு பேரும் எங்களுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார்கள். அந்தப் புள்ளிகள் எங்களுக்குச் சேர வேண்டியவை இல்லையா?" என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள், என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்து. அவளுக்கும் ஓம் என்றேன். அதுவும் மனதார.

இரண்டு ஓமும் ஒரே வாயிலிருந்து வந்தவை. எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புள்ளியைக் குறைக்காவிட்டால், ஒழுங்காக வரி கட்டிய கழகம் முட்டாள் கழகம் என்றாகிறது. குறைத்தால், உறையைத் திறக்காதவனுக்கு வலிக்காமல் முழங்காலில் கறுப்புத் துகளோடு இருந்தவனுக்கு வலிக்கிறது. மாரிக்குளிரில் கழகம் கடனைக் கட்ட முடியாமல் வங்குரோத்தானது. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஒருவர் வந்து கோல் கம்பங்களையும் வாஃபல் இரும்பையும்கூடப் பட்டியல் போட்டார். விதிப்படி, கழகம் வங்குரோத்தானால் அதன் இடத்தில் தொடங்கும் புதிய கழகம் கடைசிப் பிரிவிலிருந்துதான் ஆட வேண்டும். புதிய பெயர், புதிய சின்னம், அதே மைதானம். கியோஸ்குக்குப் பாணும் பாலும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. உன் அணி நாலு பக்கமும் சிதறியது. நீ பூட்ஸைக் கழற்றி வைத்தவன் பிறகு போடவில்லை. ஸ்வைன் இப்போது வேறொரு கழகத்தின் நிர்வாகசபையில் இருக்கிறார், தோள்களில் தட்டிக்கொண்டு. அவரிடமிருந்து யாரும் ஒரு புள்ளியும் குறைக்கவில்லை. இந்த விதிகளை எழுதினவர்களிடம் எனக்கு இருக்கிற ஒரே கேள்வி அதுதான். அதைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி.

லீக் அலுவலகத்தின் முடிவில், இழுப்பறையில் இருந்த உறைகளைப் பற்றித் தமக்குத் தகவல் கிடைத்ததாக ஒரு வரி இருந்தது. என் கவனம் செய்த வேலை. பின்னறைச் சாவி மூன்று பேரிடம்தான் இருந்தது: தலைவர், பொருளாளர், பவன். முதல் இருவரும் தங்களையே மாட்டியிருக்கமாட்டார்கள். வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் ஆட்கள் வட்டமாக நின்று பேசினதை நான் கேட்டேன். வட்டத்துக்குள்தான் நின்றேன்.

"பஸ்காரன்தான். வேறை ஆர்?"

"அந்தாள் எங்கடை பக்கத்து ஆள் இல்லையே. அவையிட்டை உந்தக் குணம் இருக்கு."

"காட்டிக் குடுக்கிறது அவையளுக்குப் புதுசே?"

தம்பி, நீ இங்கே பிறந்தவன். அணியைக் காட்டிக் கொடுத்தவர் என்று நீ சொல்லும்போது உன் மனதில் இருப்பது ஒரு ஆட்டத்தின் இழப்பு. எங்கள் தலைமுறையில் அந்தச் சொல் ஆளைக் கொல்லும். ஊரில் போர்க்காலத்தில் இயக்கம் இரண்டாக உடைந்தபோது, மட்டக்களப்பு இருக்கிற கிழக்குப் பக்கத்து மனிதர்கள் மேல், ஒரு பாவமும் செய்யாதவர்கள் மேலும், அதை மொத்தமாகப் பூசிய காலம் ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த வட்டத்துக்குள் நின்றேன். ஒருவர் என்னிடம், "நீங்கள் படிச்ச ஆள், என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டார். "ஆதாரமில்லாமல் கதைக்கக் கூடாது" என்றேன். அதைக் கேட்டு எல்லோரும் என்னை நிதானமான மனிதன் என்று நினைத்திருப்பார்கள். பவன் கியோஸ்குக்கு வருவதை நிறுத்தினார். பிறகு கோவிலிலும் கண்டதில்லை.

பட்டியல் எழுதிய அந்த நாளுக்கு மூன்றாம் நாள் பகல், அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "இரண்டு வருசம் என்ரை கையாலை சாப்பிட்டுக்கொண்டு இதை வயித்துக்குள்ளை வைச்சிருந்தனீங்களோ?" என்றாள். பிறகு, "அந்தாள் செய்தது எண்டு நானும் நம்பினன். பெஞ்சாதியைக் கடையிலை கண்டு காணாத மாதிரிப் போனன். என்னையும் சேர்த்தெல்லோ கெடுத்துப்போட்டியள்" என்றாள். அடுத்த நாள் காலை, "முதல் அங்கை போங்கோ. பொடியனுக்குப் பிறகு சொல்லலாம்" என்றாள்.

போனேன். பவன் கதவைத் திறந்து, "வாங்க அண்ணன்" என்றார், நேற்றுக் கண்டவரைப் போல. தேநீர் வைத்தார். நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனங்களில் முதல் வசனத்தை முடிப்பதற்கு முன்பே, "தெரியும் அண்ணன்" என்றார்.

"என்னெண்டு தெரியும்?"

"அண்டைக்கு அந்த அறைக்குள்ள நானும் நீங்களும்தானே. நான் எழுதல்ல. மிச்சம் ஆரு?"

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அவர் சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பில்லை. "சொன்னா ஆரு நம்புவா? மட்டக்களப்பான் தன்ட பழிய யாழ்ப்பாணத்துப் படிச்ச மனிசன்ட தலையில போடுறான் எண்டு சொல்லியிருப்பாங்க. நீங்களா வந்து சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒரு மாசம், ரெண்டு மாசம். பிறகு பாக்கிறத விட்டிட்டன்."

மன்னிப்புக் கேட்டேன். "எனக்கிட்ட தனியக் கேட்டு என்ன செய்ய? ஆக்களுக்கு முன்னால வைச்சுத்தானே என்னைச் சொன்னவங்க. ஆக்களுக்கு முன்னால சொல்லுங்க. உங்கட பேரைப் போட்டுச் சொல்லுங்க. இந்தமுறையாவது" என்றார். கடைசிச் சொல்லைக் குரல் உயர்த்தாமல் சொன்னார். கோபம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நான் புறப்படும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "மற்றவங்க என்ன சொன்னாலும் போகுது அண்ணன். உங்கட பொடியன் ஒருநாள் ரயில்ல எனக்கு எதிர்ச் சீட்டில இருந்தவன், என்னைக் கண்டதும் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போனான். அவன்ட கையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நான் கார் ஓடினவன். அதுதான் போகுதில்ல."

ஆகவேதான் இது மலரில் வருகிறது. ஆசிரியரிடம் என் முழுப்பெயரும் கொடுத்திருக்கிறேன். நோர்வேஜிய மொழியில் ஒரு பக்கமாகச் சுருக்கி, புதிய கழகத்தின் தலைவருக்கும், பழைய நிர்வாகசபையில் இருந்த அத்தனை பேருக்கும், உன் அணியில் இருந்த பொடியன்களுக்கும் அனுப்பியிருக்கிறேன், ஸ்வைன் உட்பட. அவர் என்னைப் பற்றிச் சிரித்துப் பேசுவார். பேசட்டும். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை, போகவில்லை.

புத்தி சொல்வது தகப்பனின் உரிமை என்பார்கள். நீ கலியாணம் முடிந்து பேர்கன் போகப் போகிறாய், புது வேலை, புது வீடு. சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். இப்போது தேடிப் பார்த்தால் கையில் அதிகம் இல்லை. உனக்கு வருகிற கடிதங்களைத் திறந்து வாசி. எழுதுகிற கடிதத்தின் கீழே பெயரைப் போடு. உன் மனைவியின் மேலோ பிள்ளையின் மேலோ ஒரு வருத்தம் இருந்தால், அன்றைக்கே காருக்குள் வைத்துக் கேட்டுவிடு. என்னைப் போல ஏழு வருடம் வைத்திருக்காதே. அந்தப் பொதுக்கூட்டத்தில் ஏன் கை உயர்த்தினாய் என்று நான் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? அப்பா, எனக்கு மேல் பிரிவில் ஆட ஆசையாக இருந்தது என்று சொல்லியிருப்பாய். அவ்வளவுதானே. பதினெட்டு வயதுப் பொடியனுக்கு அது பிழையா? அந்தப் பெட்டிசத்தை நான் வரிக்காக எழுதினேனா, பச்சைச் சட்டைக்காரர்களின் நியாயத்துக்காக எழுதினேனா, ஸ்வைனுக்காக எழுதினேனா, உன் கைக்காக எழுதினேனா என்று என்னையே கேட்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது. எழுதியிருக்கவே கூடாது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த உறைகள் அங்கே இருந்தன. அது பொய்யில்லை.

உன் கலியாணத்தில் என்னை எங்கே நிறுத்துவது என்பதை நீயும் அம்மாவும் தீர்மானியுங்கள். மணவறைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னால் நிற்பேன், மண்டபத்தின் கடைசி வரிசையில் இரு என்றால் இருப்பேன். ஆனால் பவனுக்கு நான் காட் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் வரமாட்டார். அவரிடம் கேட்காமலே எனக்கு அது தெரியும். தபாலில் போடாதே. ஒரு சனிக்கிழமை பகலில் ரயிலில் ஹவுகெட்டோவுக்குப் போய் இறங்கு. என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே. மணியை அடித்துவிட்டு நில். அவர் கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்காதே, தம்பி. அது எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே நான் போயிருப்பேன்.

அப்பா